மிஞ்சிய திருகாணி

இருபதாம் வளைவில் பட்டனை அமுக்கினேன்.
மடியில் துண்டு சுற்றிய லேப்டாப்.
பதினேழாம் வளைவு வரைக்கும்
திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது,
பஸ்ஸும் நானும் சுற்றியது போலவே.
பக்கத்து சீட் ஆரஞ்சுக் கூடைக்காரர் எட்டிப் பார்த்தார்.
"என்னம்மா, அதுவும் மலை இறங்குதா?"

ஒன்பது வருடம்.
மூன்று எஸ்டேட் கூலிக் கணக்கு,
மிளகு எடைச் சீட்டு, ஜி.எஸ்.டி.,
கோயில் கல்லறைத் தோட்டத்துச் சந்தா முதற்கொண்டு
எல்லாம் இதற்குள்தான்.
போன மாதம் சம்பள நாளில்
முப்பத்தொரு பேர் வாசலில் நிற்க,
தயவுசெய்து காத்திருக்கவும் என்றது.
"அதுக்கு ஒரு டீ வாங்கிக் குடுங்கக்கா"
என்று யாரோ சொல்ல, வாசலே சிரித்தது.

அன்று மாலையே சீட்டைத் தள்ளி எடுத்தேன்.
நாற்பதாயிரம் சீட்டு, ஆறாயிரம் தள்ளு,
கையில் முப்பத்து நாலு.
ஐந்து ரோடு ஷோரூமில் புதுசின் விலை
முப்பத்து மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு.
மிச்சம் பத்து ரூபாய், எனக்கு டீ.
ஆண்டவரே உட்கார்ந்து கணக்குப் போட்டது மாதிரி.

டை கட்டிய பையன்தான் கெடுத்தான்.
"பழசுல இருக்கிறதை எடுத்துட்டு வந்துடுங்க மேடம்,
மெய்யனூர்ல ஒரு கடை இருக்கு."

செருப்புக் கடைக்கு மேலே, இருட்டு மாடிப்படி.
ரெஹனா.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு பின்மூடியைத் திறந்தாள்.
பத்துத் திருகாணிகளும்
தட்டுவடை செட் வந்த காகிதத் தட்டில்,
பீட்ரூட் சிவப்பின் மேல் உருண்டன.
விசிறியை ஒரு ஊது ஊதினாள்.
எங்கள் குடோன் வாசனை எழும்பியது.
ஒன்பது வருடக் காப்பித் தொலி.
"டிகாஷனே போடலாம்க்கா இதுல."

பிறகு சொன்னாள்,
"புதுசு எதுக்கு? மூளை நல்லாத்தான் இருக்கு,
தட்டுதான் சுத்திச் சுத்தித் தேஞ்சு போச்சு."

எஸ்.எஸ்.டி. இரண்டாயிரத்து முந்நூற்று ஐம்பது.
எட்டு ஜிபி ராம், வேறொன்றில் கழற்றியது,
மூன்று மாத வாரண்டியோடு ஆயிரத்து நானூற்று ஐம்பது.
கூலி முந்நூறு.

நான் புதுசுக்காக வாதாடினேன்.
"அதுல எழுத்துக்குக் கீழே விளக்கு எரியுது."
"இருட்டுலயா கணக்கு எழுதுறீங்க?"

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும் நான்.
ஆறு வாரமாக என் ஆசையெல்லாம்
புதுத் திரையில் ஒட்டிய பிளாஸ்டிக் தாளை
ஓரத்தில் நகம் வைத்து,
கிழியாமல்,
ஒரே இழுப்பில் உரிப்பது.
இதை யாரிடம் சொல்வது?

"சீல் இருக்கான்னு பார்த்து நீங்களே பிரிங்க"
என்று எஸ்.எஸ்.டி. அட்டையை நீட்டினாள்.
சீட்டுக்கட்டில் பாதி அளவு.
பிரித்தேன். சின்னதாய் ஒரு சத்தம்.

பட்டனை அமுக்கி வாய்விட்டு எண்ணினாள்.
பதினொன்று.
கொஞ்சம் பொறுங்க, அது அப்படித்தான் என்று
நான் வழக்கமாய்ச் சொல்லும் சமாதானம்
பாதி வாயிலேயே நின்றது.

மூடியபோது ஒரு திருகாணி வெளியே இருந்தது.
துளையை அவளும் தேடினாள், நானும் தேடினேன்.
"ஒண்ணு இல்லேன்னாலும் ஓடும்க்கா, வச்சுக்குங்க."

ராத்திரி பஸ்ஸில் மனசுக்குள் பேரேட்டைத் திறந்தேன்.
செலவு நாலாயிரத்து நூறு.
மிச்சம் இருபத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரம்.
தள்ளு ஆறாயிரத்தையும் சேர்த்தால்
இந்த மலிவின் விலை பத்தாயிரத்து நூறு.
அந்த ஆறாயிரத்தை எந்தத் தலைப்பில் எழுத?
அவசரம் என்றொரு கணக்கு
எந்த எஸ்டேட்டும் வைப்பதில்லை.

கோரிமேடு தாண்டியதும் கண்டக்டர் கை நீட்ட
சில்லறையை எண்ணாமல் கொடுத்தேன்.
விளக்கடியில் பிடித்துப் பார்த்து
ஒன்றை மட்டும் திருப்பிக் கொடுத்தார்.
"தோட்டுத் திருகாணியாம்மா? பத்திரம்."

காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.